மஞ்சள் குடைத் தட்டு

“அவனே கேக்கட்டும். கேட்டா போடறேன்.”

“கேக்கத் தெரிஞ்சா கேக்க மாட்டானா?”

“தெரியும். நீங்க அவன் கண்ணைப் பார்த்தே எல்லாத்தையும் கையில குடுத்துடறீங்க. அப்புறம் எதுக்கு வாயைத் திறக்கப் போறான்?”

“எப்படி நிக்கறான் பாரேன். சாப்பாடு கொண்டுவந்த சர்வர் மாதிரி, தட்டை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு.”

“நிக்கட்டும். ‘போடு’ன்னு ஒரே ஒரு வார்த்தை. டாக்டரே அப்படித்தான் சொல்லியிருக்கார்.”

“பெரியவரே, கேட்டீங்களா? அம்மா ரொம்பக் கண்டிப்பு. ஒரு வார்த்தை சொல்லி வைங்க.”

அவளுக்கும் கணவருக்கும் அந்தப் பேச்சு நடந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. ‘பெரியவர்’ என்பது அவர்களுடைய மூன்றரை வயது மகனுக்கு வீட்டில் வைத்த பட்டம். பேச வேண்டிய வயது தாண்டியும் அவனுக்கு ஒரு சொல் வரவில்லை. ஆனால் எதைக் கண்டாலும், கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். அன்று சாயங்காலம் அவள் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்து முடிக்கிற வரை, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அந்த இசைத்தட்டை ஏந்தியபடி நின்றான். பிறகு அதை மெஷினின் மிதிபலகை மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அன்றைக்கே காய்ச்சல். நான்காம் நாள் அவன் இல்லை.

ஒரு வார்த்தைதான். அதை அவன் சொல்லவே இல்லை.

இன்று காலை பின்னறையின் பூட்டைத் திறந்தபோது அவளுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்ததற்குக் காரணம், உள்ளேயிருந்து முகத்தில் வந்து மோதிய மரப்பசை வாடை. கணவர் போய் ஏழு வாரம். அவர் போன மறுநாள் பூட்டிய அறை இது. சாவி அவளுடைய ஊசிப் பெட்டிக்குள்தான் இருந்தது. அடைத்துக் கிடந்த அறையில் பழைய காகித நெடி இருக்கலாம், எலி நெடி இருக்கலாம். இது புது வாடை. இப்போதுதான் டப்பாவைத் திறந்து ஊற்றியது போலப் புளிப்பும் பாலுமாக.

ஜன்னலோரத்து மேஜையில், அவருடைய சுழல்பலகை மேல் ஓர் இசைத்தட்டு கிடந்தது. அதன் மேல் வெள்ளையாகப் பசை. அவள் விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டாள்.

ஈரம்.

பழைய தட்டுகளைச் சுத்தம் செய்வதில் அவர் கெட்டிக்காரர். தெருவில் அவருக்குத் ‘தட்டு டாக்டர்’ என்றே பெயர். தட்டைச் சுழலவிட்டு, நடுவில் இருக்கும் லேபிளில் படாமல் பசையைப் பரப்பி, உரிக்கும்போது பிடித்து இழுக்க ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை நாக்கு போல ஒட்டி வைப்பார். அவள் துணி வெட்ட வைத்திருக்கும் அளவுக் காகிதத்திலிருந்து திருடிய துண்டுதான். ஒரு நாளில் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நாக்கைப் பிடித்து இழுத்தால் முழுத் தோலாக உரிந்து வரும். பாட்டு பதிந்த கோடுகளுக்குள் படிந்திருந்த அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும்.

“இந்தத் தூசியில பாதி மனுஷத் தோல், தெரியுமா?” என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். “பாட்டு கேக்க உக்காந்தவங்க மேலேர்ந்து உதிர்ந்தது. ஒரு தட்டை உரிச்சா அந்த வீடே கையில வந்துடும்.”

“சோறு திங்கற நேரத்துல வேற பேச்சே கிடைக்கலையா உங்களுக்கு?”

ஏழு வாரமாகக் காயாத பசையா? மழைக்காலம், கனமாக ஊற்றியிருப்பார், ஜன்னலும் சாத்தியிருந்தது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஈரத்தோடு தூக்கினால் தரையெல்லாம் ஒழுகும். காயட்டும், கடைசியாக எடுத்துக்கொள்ளலாம். அலமாரியில் பசை டப்பா இருந்தது. அதன் மூடியை அவள் திறந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் வருகிறாள், எட்டு மாதக் குழந்தையோடு. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டாள். மருமகனுக்கு வெளியூர் வேலை. இனி ஒரு வருஷம் இங்கேதான். குழந்தையின் தொட்டில் இந்த அறையில்தான் போட வேண்டும், வேறு இடம் இல்லை. அதற்குள் இந்த அறை காலியாக வேண்டும்.

அறை முழுக்க ஒரே தட்டு. நானூறுக்கு மேல் இருக்கும். எல்லா உறையிலும் அதே பெண், அதே மஞ்சள் குடை, அதே ஒரு பக்கச் சிரிப்பு. ஒரு காலத்தில் அந்தக் குடைக்காரியின் பாட்டு கேட்காத வீடு கிடையாது. புதுசாகக் குடிவந்தவர்கள் நாற்காலி வாங்குவதற்கு முன் அதை வாங்கினார்கள். எல்லாரிடமும் இருந்ததாலேயே பிறகு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. தட்டு சேர்க்கிறவர்கள் பழைய சாமான் கடைக்கு வந்து பெட்டியைக் கிளறும்போது மஞ்சள் தெரிந்தாலே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். அவர் மட்டும் எங்கே கண்டாலும் எடுத்து வருவார்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பெரியவர் ஏந்தி நின்ற தட்டில் அவனுடைய பத்து விரலும் பதிந்திருந்தன. அவளுடைய நீலச் சாக்கட்டியை வைத்து விளையாடிவிட்டு வந்த கை. விளக்குக்கு நேரே பிடித்தால், ஓரத்தில் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, சின்னச் சின்ன நீல மொட்டுகள். அவன் இறந்த அந்த வாரம் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அவளால் பார்க்க முடியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் “நிக்கட்டும்” என்ற தன் குரலே காதில் கேட்டது. ஒருநாள் அவர் வெளியே போனபோது எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டுத் தன் துணிப்பெட்டியின் அடியில் ஒளித்தாள். அவர் வந்து கேட்டபோது, “பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்” என்றாள்.

அவர் மறுநாள் காலையில் கிளம்பிப் போனார். சாயங்காலம் ஒரு மஞ்சள் குடைத் தட்டோடு வந்தார். விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இல்ல” என்றார்.

முப்பத்தோரு வருஷம், நானூறு தடவை, “இது இல்ல.” அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் அடுத்த அறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குப் பழைய சாமான்காரர் வந்தார். அந்த ஆளும் வயதானவர்தான். அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

“குடைக்காரியா? இவளை எடுக்கிறவன் இனிமே பொறந்துதான்மா வரணும்.”

“சும்மா எடுத்துட்டுப் போங்களேன்.”

“சும்மாவும் வேணாம். உருக்கினா நாத்தம். குப்பை வண்டிக்காரனே திட்டறான்.” ரேடியோப் பெட்டிகளையும் மர அலமாரிகளையும் மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடியில் துணிக் கிளிப்பு மாட்டித் தொங்கிய உரித்த தோல்களைப் பார்த்து, “இதென்ன, பாம்புச் சட்டை மாதிரி?” என்றார்.

பத்துப் பன்னிரண்டு தொங்கின. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, சாம்பல் படிந்த கண்ணாடி போல. முன்பு கொடி கொள்ளாமல் தொங்கும். மீதியை அவர் என்ன செய்தார் என்று அவள் கேட்டதில்லை.

சாமான்காரர் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

“அந்த மூலையில பெட்டிங்களுக்குப் பின்னாடி ஒரு தையல் பொம்மை நிக்குதே, துணி போர்த்தி. சின்னப் பிள்ளை உசரத்துல. அதைக் குடுக்கறீங்களா?”

அவளுக்கு சந்தோஷமாகிவிட்டது. குழந்தைச் சட்டைகளுக்கு அளவு பார்க்கிற கித்தான் பொம்மை. பத்து வருஷமாகத் தேடுகிறாள். கேட்டபோதெல்லாம் கணவர் ‘எங்கேயாவது இருக்கும்’ என்பார். “அதை மட்டும் கேக்காதீங்க. பேத்திக்கு சட்டை தைக்கணும்.”

“அதானே,” என்றார் சாமான்காரர். வண்டி வரை போனவர் திரும்பிப் பார்த்தார். “குழந்தையை அங்க படுக்க வைக்கறதுன்னா ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து போடுங்கம்மா. காத்து ஒரு மாதிரி இருக்கு.”

மழை பிடித்துக்கொண்டது. அவள் தட்டுகளைப் பத்துப் பத்தாகச் சணல் கயிற்றில் கட்டி முன்கூடத்தில் அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு உறையைத் தூக்கும்போதும் ஒரு வீட்டின் வாடை வந்தது: ஒன்றில் சிகரெட், ஒன்றில் பவுடர், ஒன்றில் இருமல் மருந்து, ஒன்றில் ஈர நாய். எல்லாத் தட்டும் உரித்துத் துடைத்த தட்டு. வாடை உறைகளில்தான் மிச்சம் இருந்தது. மேஜையில் பசையின் வெளி வட்டம் தெளிந்திருந்தது. அதை அவள் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள்.

மதியம் மகள் ஃபோன் செய்தாள். பின்னால் குழந்தை ஓயாமல் எதையோ பேசிக்கொண்டிருந்தது.

“அம்மா, ரூம் ஆச்சா?”

“ஆயிட்டிருக்கு. என்னடி அவ இப்படிக் கத்தறா?”

“அவளுக்கு வாய் ஓயறதே இல்லம்மா. பாட்டி வீட்டுக்குப் போறோம்னு பஸ்ஸுல எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கா. நீ வந்து கதவு திறக்க வேணாம், சாவி என்கிட்ட இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அம்மா, அப்பா ரூமாச்சே. உனக்கு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கு என்ன? குப்பை அள்ளறேன்.”

ஃபோனை வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில், அதைவிட மெல்லியதாக. பாட்டு முடிந்த பிறகும் முள் தட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் வருமே, அது. ஸ்ஸ்ஸ்… டக். ஸ்ஸ்ஸ்… டக்.

அவள் அறைக்குள் போய்ப் பார்த்தாள். பாட்டுப்பெட்டியின் முள் அதன் தாங்கியில் இருந்தது. மின்கம்பி சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. சத்தம் நின்றிருந்தது. கூரைத் தகரத்தில் சொட்டும் மழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த வீட்டுக்குத் தகரக் கூரை இல்லை என்பது அடுத்த கட்டைத் தூக்கும்போதுதான் உறைத்தது.

பசை இப்போது பாதிக்கு மேல் தெளிந்திருந்தது. லேபிளைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம்.

மூன்றரை மணிக்கு மூலையை அடைக்கும் பெட்டிகள் ஒரு வரிசைதான் பாக்கி. அவற்றுக்கு மேலே துணியின் உச்சி தெரிந்தது. அவளுடைய பழைய படுக்கை விரிப்பு, பூப்போட்டது. பொம்மையின் தலைமட்டம் அவள் இடுப்புக்கு இருந்தது. நல்லவேளை, கரையான் அரிக்கவில்லை என்று நினைத்தாள். தையல் பொம்மைக்குத் தலை கிடையாது என்று நினைக்கவில்லை. கை சுறுசுறுப்பாக வேலை செய்தது. மனசு எங்கோ நின்றது.

அவருடைய இரும்புக் கருவி அலமாரியைக் காலி செய்யலாம் என்று கீழ்க்கதவைத் திறந்தாள். திருப்புளி, கம்பிச் சுருள், காலிப் பசை டப்பாக்கள். டப்பாக்களுக்குப் பின்னால் மடித்து வைத்த கித்தான் துணி. இழுத்தாள். கழுத்தில் அவள் கைத்தையல். மார்பில் அவளே மசியால் எழுதிய அளவு. நாலு வயது.

பொம்மையின் முதுகு மேலிருந்து கீழ் வரை நேராக வெட்டப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பஞ்சு ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. இரும்புத் தண்டும் மூன்று கால் தாங்கியும் தனியாகக் கிடந்தன. கித்தானின் வெளிப்புறம் முழுக்கக் காய்ந்த பசையின் பளபளப்பு. எதையோ அதன் மேல் அடுக்கடுக்காக ஒட்டி வளர்த்து, வளர்ந்ததும் உள்ளிருக்கும் அச்சை மட்டும் உருவி எடுத்த மாதிரி.

அவள் வெகு நேரம் அந்தக் கித்தானை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பொம்மை இங்கே இருக்கிறது.

அப்படியானால் மூலையில்?

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மத்ததெல்லாம் ஆயிடுச்சு. வாய்தான் வரல. அந்தத் தட்டு கிடைச்சிருந்தா வாய் வந்திருக்கும்.” ஜுர வேகத்தில் பாட்டுப்பெட்டி ரிப்பேரைப் பற்றிப் பிதற்றுகிறார் என்று நர்ஸிடம் சொன்னாள். அப்போதுகூட அவள் சொல்லவில்லை. துணிப்பெட்டியில் இருக்கு, நான்தான் ஒளிச்சேன் என்று அவர் காதில் சொல்ல வாய் வரை வந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போர்வையைச் சரி செய்தாள்.

ஸ்ஸ்ஸ்… டக்.

மூலையிலிருந்து. துணிக்கு உள்ளேயிருந்து. நிதானமாக, தூங்குகிறவர் மூச்சு மாதிரி.

அவள் எழுந்தாள். வாசல் பக்கம்தான் போகப் பார்த்தாள். மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது கண் தானாகவே அங்கே போனது. பசை முழுவதும் தெளிந்துவிட்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத் தட்டு தெரிந்தது. ஓரத்தில், இந்தப் பக்கம் ஐந்து.

அந்தப் பக்கம் ஐந்து.

நீலம்.

படுக்கையறைக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து துணிப்பெட்டியை இழுத்தாள். பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தாள். பழைய துணிகள், பட்டன் டப்பா, மகளுடைய முதல் சட்டை. எல்லாவற்றையும் வாரிக் கட்டிலில் போட்டாள். அடியில் தலையணை உறை இருந்தது, எடுத்தபோதே தெரிந்தது. கனமில்லை. உள்ளே கையை விட்டாள். விரலில் ஏதோ ஒட்டியது. இன்னும் காயாத ஒரு சொட்டுப் பசை.

நேரம் ஐந்தே முக்கால். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கிளம்பிவிடலாம். தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளை அங்கேயே நிறுத்தி, வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடலாம். செருப்பைக்கூட மாட்டினாள். ஆனால் என்ன சொல்வாள்? அதோடு, பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. சாவி கதவிலேயே தொங்கியது. அதைப் பூட்டினால் போதும். பூட்டிவிட்டுப் போனால் போதும்.

கூடத்தைக் கடந்தாள். கட்டி வைத்த தட்டுக் கட்டுகளிலிருந்து நாற்பது குடைக்காரிகள் ஒரு பக்கமாகச் சிரித்தார்கள். பின்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கதவின் பிடியைப் பற்றினாள். உள்ளே பார்க்காமல் இழுத்துச் சாத்திவிட வேண்டும்.

பார்த்தாள்.

சுழல்பலகை காலியாக இருந்தது. மேஜையிலும் தட்டு இல்லை.

மூலையை அடைத்திருந்த பெட்டிகள் அப்படியே இருந்தன. பூப்போட்ட விரிப்பு தரையில் கிடந்தது. அறையின் இந்தப் பக்கத்தில்.

அது அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றது.

சாம்பலும் மஞ்சளுமாக, விளக்கு ஊடுருவிப் போகிற உடம்பு. தோல் மேல் தோல் மேல் தோல். ஒவ்வொரு அடுக்கிலும் மெல்லிய வட்டக் கோடுகள், ஆயிரக்கணக்கில், விரல் ரேகை போலச் சுழித்துச் சுழித்து. அடுக்குகளுக்கு நடுவே நானூறு வீட்டுத் தூசி, நரம்பு மாதிரி. சிகரெட், பவுடர், இருமல் மருந்து, ஈர நாய். எல்லாம் ஒரே மூச்சில். உள்ளே ஒன்றுமில்லை. மார்பு ஏறியது, இறங்கியது. ஸ்ஸ்ஸ்… டக்.

நிற்கிற விதம் அவளுக்குத் தெரியும். தலையைக் கொஞ்சம் சாய்த்து. யோசிக்கிறவன் போல. முழங்கையை இடுப்பில் ஒட்டி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி. கைகளில் தட்டு. துடைத்து விட்டாற்போல் கறுப்பாகப் பளபளத்தது. நீலம் துளிகூட இல்லை.

நீலம் முகத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் புதிதாக ஒட்டிய, இன்னும் நெகிழ்ந்த ஒரு தோல். அதன் நடுவில் லேபிள் இருந்த இடம் வட்டமாகத் திறந்திருந்தது. தோலின் ஓரத்தில் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, சின்ன விரல் பதிவுகள், அந்தத் திறப்பைப் பிடித்து விரித்து வைத்திருப்பது போல. திறப்புக்குள் ஒரு துண்டு அளவுக் காகிதம் மேலும் கீழும் அசைந்தது.

“பெரியவரே,” என்றாள். அவள்தான் சொன்னாளா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அவன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அதைக் கேட்டதே இல்லை. இது அவன்தானா என்று சொல்ல அவளிடம் அடையாளம் எதுவும் இல்லை.

வாசலில் பேச்சுக் குரல். குழந்தையின் ஓயாத மழலை. பூட்டில் சாவி நுழையும் சத்தம்.

காகித நாக்கு அசைவதை நிறுத்தியது. தலை வாசல் பக்கம் திரும்பியது. காது கொடுத்துக் கேட்டது. பிறகு மறுபடியும் அவள் பக்கம் திரும்பி, தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, டாக்டர் சொன்னபடி, அவள் சொன்னபடி, ஒரே ஒரு வார்த்தை.

“போடு.”